கிறிஸ்துமஸ் தொடங்கி பொங்கல் வரை ஒரே கொடித் தோரணம்: எந்தெந்தக் கொடி, என்ன துணி, எப்படித் தைக்கிறது?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. சிங்காநல்லூர்ப் பக்கம் ரெண்டு பிளாக் இருக்கற குடியிருப்பு. நடுவுல 10 மீட்டர் இடைவெளி. டிசம்பர் 23ஆம் தேதி கட்டி, பொங்க நோம்பி முடிஞ்சு கழட்டற மாதிரி 6 வரிசை தோரணம் போடறதா முடிவாயிருக்கு. வெறும் முக்கோணக் கலர்த் துணி வேண்டாம், உலகத்துக் கொடிகளா இருக்கட்டும், ஒவ்வொரு கொடிக்கும் குளிர்கால நோம்பியோடவோ குழந்தைங்க பார்க்கற படத்தோடவோ ஒரு தொடர்பு இருக்கட்டும், அதையே வினாடி வினாவா வச்சுக்கலாம்னு பேசியிருக்கோம். தரையிலிருந்து 15 அடி உயரம்.

தெரிய வேண்டியது: எந்தக் கொடிகள், என்ன அளவு, திருப்பூர்ல சப்ளிமேஷன் (பேப்பர்ல அச்சடிச்சுச் சூட்டுல துணிக்கு நிறம் ஏத்தறது) போடறதா இல்ல துணி வெட்டித் தைக்கிறதா, காத்துக்கும் பனிக்கும் மூணு வாரம் தாங்க என்ன பண்ணணும். பிளாஸ்டிக் தோரணம் வேண்டாம்.

மஞ்சள்மண்டி:
பிளாஸ்டிக் எப்படியும் ஆகாதுங்க. 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணின ஒருமுறை பயன்படுத்தற பொருட்கள் பட்டியல்ல பிளாஸ்டிக் கொடியும் இருக்கு. துணி, இல்லைன்னா காகிதம். காகிதம் மார்கழிப் பனியில ரெண்டாம் நாளே தொங்கிப் போயிரும். துணிதான்.

கொடிக்கிறுக்கு:
நல்ல யோசனைங்க. ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடறேன். கிறிஸ்துமஸ் தாத்தா படத்தையும் கார்ட்டூன் மூஞ்சியையும் நீள்சதுரத் துணியில அடிச்சுத் தொங்கவிட்டா அது கொடி இல்ல, சின்ன பேனர். 15 அடி கீழ இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. நிஜக் கொடிகள் தூரத்துல இருந்து அடையாளம் தெரியணும்னே வரைஞ்சது. அதுகள்லயே நீங்க கேட்கற தொடர்பு ஏகப்பட்டது இருக்கு. கொடி நிஜமா இருக்கட்டும், விளையாட்டு கேள்வியில இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு என் தேர்வு:

கிறிஸ்துமஸ் தீவு. இந்தியப் பெருங்கடல்ல ஆஸ்திரேலியாவோட ஆட்சிப்பகுதி. 1643 டிசம்பர் 25 அன்னைக்கு வில்லியம் மைனர்ஸ்ங்கற கப்பல் கேப்டன் அந்த வழியா போனப்ப வச்ச பேரு. கொடியில பச்சையும் நீலமும் மூலைவிட்டமா பிரிஞ்சிருக்கும், ஒரு பொன்னிறக் கடற்பறவை, தென்சிலுவை நட்சத்திரங்கள், நடுவுல மஞ்சள் வட்டத்துக்குள்ள தீவோட வரைபடம். 1986ல போட்டி வச்சுத் தேர்ந்தெடுத்தது, அதிகாரபூர்வமானது 2002ல.

நார்ஃபோக் தீவு. பச்சை, வெள்ளை, பச்சை. நடுவுல ஒரே ஒரு ஊசியிலை மரம். நம்ம ஊர் நர்சரியில கிறிஸ்துமஸ் மரம்னு தொட்டியில விக்கிறாங்களே அரக்கேரியா, அந்தப் பேரினத்து மரம்தான் இது. குழந்தைங்க கொடியைப் பார்த்துட்டு நேரா வாசல்ல இருக்கற தொட்டியைக் காட்டுவாங்க. பட்டியல்லயே எனக்குப் பிடிச்சது இதுதான்.

லெபனான். நடு வெள்ளைப் பட்டையில பச்சை தேவதாரு மரம், மேலயும் கீழயும் சிவப்பு. தூரத்துல இருந்து பார்த்தா அப்படியே கிறிஸ்துமஸ் மரம். வெள்ளைப் பட்டை ஒரு சிவப்புப் பட்டையைப் போல ரெண்டு மடங்கு. மூணையும் சமமா வரைஞ்சா மரம் குட்டையாயிரும்.

துருக்கி. இதுதான் நல்ல கேள்வி: கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலஸ் எந்த ஊர்? பனி விழற ஊரைச் சொல்வாங்க. அவர் 4ஆம் நூற்றாண்டுல மைரா நகரத்து ஆயர். மைரா இருக்கறது இன்னைக்குத் துருக்கியில, அந்தாலியா மாகாணத்துல, மத்தியதரைக் கடலோரம்.

டென்மார்க். அங்க கிறிஸ்துமஸ் மரத்துல சின்னச் சின்னத் தேசியக்கொடியை நூல்ல கோத்து மேல இருந்து கீழ வரைக்கும் தொங்கவிடறது வழக்கம். நீங்க செய்யற தோரணத்துக்கு அதுவே முன்மாதிரி. 1219ல ஒரு போர்க்களத்துல இந்தக் கொடி வானத்துல இருந்து விழுந்ததுன்னு ஒரு ஐதீகமும் உண்டு.

கிரீன்லாந்து, ஃபின்லாந்து ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வைங்க. கிறிஸ்துமஸ் தாத்தா எங்க வீட்டுல இருக்காருன்னு ரெண்டு நாடும் உரிமை கொண்டாடும். டென்மார்க் பிள்ளைங்க கிரீன்லாந்துங்கும், ஃபின்லாந்துக்காரங்க லாப்லாந்துல கோர்வாதுந்துரி மலைங்கும். கிரீன்லாந்துக் கொடி 1985ல வந்தது: மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சிவப்பு, வட்டத்துக்குள்ள நிறம் தலைகீழ். பிரிண்ட் கடையில இதைத் திருப்பி வச்சுருவாங்க, கவனம். மேல வெள்ளை, மேல வெள்ளைன்னு பென்சில்ல எழுதியே குடுங்க.

மெக்சிகோ. டிசம்பர்ல சிவப்பா மாறுமே பாயின்செட்டியா, அதோட பூர்வீகம் மெக்சிகோ. நடுவுல கழுகுச் சின்னம் கட்டாயம் வேணும். அது இல்லைன்னா எல்லாரும் இத்தாலின்னு பதில் சொல்வாங்க.

புத்தாண்டுக்கு ஒண்ணே போதும், கிரிபாட்டி. அங்க இருக்கற கிரிதிமதித் தீவுதான் புத்தாண்டு முதல்ல பிறக்கற இடங்கள்ல ஒண்ணு. நம்ம கடிகாரத்துல டிசம்பர் 31 பிற்பகல் 3.30 ஆனா அங்க நள்ளிரவு 12. அந்தத் தீவுக்கும் பேரு கிறிஸ்துமஸ்தான், உள்ளூர் எழுத்துல எழுதினா கிரிதிமதி. ஜேம்ஸ் குக் 1777 டிசம்பர் 24ல அங்க போய்ச் சேர்ந்தார். ரெண்டு கிறிஸ்துமஸ் தீவையும் ஒரே வரிசையில வச்சாச்சு, பாருங்க.

நொய்யல்கரை:
அருமைங்க. படங்களுக்கு? குழந்தைங்க அதைத்தான் முதல்ல கேட்பாங்க.

கடைசிபெஞ்ச்:
படத்துக்கு நான் சொல்றேன். படத்தோட சின்னத்தை எடுக்காம, கதை நடக்கற ஊர், எடுத்த ஊர்னு போனா கொடி தானா வந்துரும்.

மடகாஸ்கர் முதல்ல. 2005ல வந்த அனிமேஷன் படம், அதே வருசம் அந்தப் பென்குவின்களை மட்டும் வச்சு ஒரு கிறிஸ்துமஸ் குறும்படமும் வந்துச்சு. கொடியோ வெள்ளை, சிவப்பு, பச்சை. நோம்பியும் படமும் ஒட்டுக்கா ஒரே கொடியில.

நார்வேக்கு ஃப்ரோசன் (2013). அந்தப் படத்து மலையும் மரக் கோயிலும் நார்வேயைப் பார்த்து வரைஞ்சது. ஸ்காட்லாந்துக்கு பிரேவ் (2012). பிரேசிலுக்கு ரியோ (2011). பிரேசில் கொடியில ஒரு உபரிக் கேள்வியும் இருக்கு: நீல வட்டத்துல 27 நட்சத்திரம், 1889 நவம்பர் 15 அன்னைக்கு ரியோ நகரத்து வானம். பார்படாஸ் கொடியில கைப்பிடி ஒடிஞ்ச திரிசூலம் இருக்கு, திரிசூலம் வச்சிருக்கற அக்வாமேனோட ரசிகப் பிள்ளைங்களுக்கு அது போதும். நியூசிலாந்துக்கு லார்ட் ஆஃப் தி ரிங்ஸ், எடுத்தது அங்கதான். 1977ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துப் பாலைவனக் காட்சிகள் துனீசியாவுல எடுத்தது. துனீசியாவைத் துருக்கிக்கு அஞ்சாறு கொடி தள்ளி வைங்க: ரெண்டும் சிவப்பு, ரெண்டுலயும் பிறை, நட்சத்திரம். துனீசியாவுக்கு வெள்ளை வட்டம் இருக்கும். யார் கண்டுபிடிக்கறாங்கன்னு பார்க்கலாம்.

சுவிட்சர்லாந்து நம்ம பெரியவங்களுக்கு. பனிமலையில டூயட் பாட்டுன்னாலே அந்த ஊர்தானே ஞாபகம் வரும்!

கடற்கொள்ளையர் கொடி ஒண்ணு வேணும். எலும்பை விட்டுட்டு, மண்டையோட்டுக்குக் கீழ ரெண்டு வாள் குறுக்கா இருக்கறதைப் போடுங்க. ஜாக் ரேக்கம்ங்கற கொள்ளையனோடதுன்னு சொல்றது அதுதான், பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் படத்துல பிளாக் பேர்ல் கப்பல்ல பறக்கறதும் அதுதான்.

மஞ்சள்மண்டி:
எல்லாஞ் சரி, பொங்கலுக்கு ஒண்ணுமே இல்லையே? தோரணம் தொங்கறதுல பாதி நாள் மார்கழிக் கடைசியும் தையும்தானுங்க.

கொடிக்கிறுக்கு:
பொங்கலுக்குத்தாங்க நல்ல விருந்து இருக்கு.

ஃபிஜி. வெளிர்நீலத் துணியில ஒரு கேடயம், அதுக்குள்ள கரும்பு, தென்னை, வாழைக்குலை, ஒரு புறா. பொங்கல் வாசல்ல வைக்கறது அத்தனையும் ஒரே கொடியில! கரும்பு அங்க வந்த கதையிலயே நம்ம ஆளுங்க இருக்காங்க: 1903லிருந்து சென்னைத் துறைமுகம் வழியா தமிழ், தெலுங்கு, மலையாளக் கூலித் தொழிலாளிகள் ஃபிஜிக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினாங்க.

அண்டோரா மாட்டுப் பொங்கலுக்கு. நடுச் சின்னத்துல வலது கீழ்க் கட்டத்துல ரெண்டு சிவப்பு மாடு.

நேபாளம். நம்ம தை முதல் நாளை ஒட்டியே அங்க மாகே சங்கராந்தி. கொடியில கீழ் முக்கோணத்துல 12 கதிர்ச் சூரியன். உலகத்துலயே நாலு மூலை இல்லாத ஒரே தேசியக்கொடி, வரிசையில அது ஒண்ணே தனியாத் தெரியும்.

வட மாசிடோனியா. சிவப்புத் துணியில மஞ்சள் சூரியன், 8 கதிர் ஓரம் வரைக்கும் விரியும். 1995லிருந்து இருக்கற வடிவம். சூரியன் இருக்கற கொடி எத்தனையோ உண்டு, ஆனா 15 அடி கீழ இருந்து பளிச்சுன்னு தெரியறது இதுதான். அர்ஜென்டினா சூரியன்ல 32 கதிரும் ஒரு முகமும் இருக்கு, 8 இன்ச் துணியில மஞ்சள் பொட்டாத்தான் தெரியும். அதனாலதான் விட்டேன்.

தெற்கு ஜார்ஜியாவும் தெற்கு சான்ட்விச் தீவுகளும்னு ஒரு கொடி இருக்கு. சின்னத்துல பென்குவின், கடல்நாய், உச்சியில கலைமான்! ஆசையாத்தான் இருக்கும், ஆனா சின்னத் துணியில அது எதுவுமே தெரியாது. தனியா 3 அடிக் கொடியா நுழைவாசல்ல வேணா வைங்க.

ஆக கிறிஸ்துமஸுக்கு 8, புத்தாண்டுக்கு 1, படத்துக்கு 9, பொங்கலுக்கு 4. மொத்தம் 22 கொடி.

ரேவதி_கவுண்டம்பாளையம்:
நம்ம மூவர்ணக்கொடியை வரிசைக்கு முதல்ல வச்சுரலாமே? மத்த நாடெல்லாம் வச்சுட்டு நம்மளது இல்லைன்னா நல்லா இருக்காதே.

கொடிக்கிறுக்கு:
இல்லைங்கக்கா, தோரணத்துல வைக்கவே கூடாது. 2002ஆம் வருசத்து இந்தியக் கொடி விதித்தொகுப்பு தேசியக்கொடியைத் தோரணமாவோ ரோஜாப்பூ மாதிரி மடிச்சோ வேற எந்த அலங்காரத்துக்குமோ பயன்படுத்தக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லுது. அதுக்கு மேலயோ, அதை விட உயரமாவோ, பக்கத்துலயோ வேற கொடியும் தோரணமும் இருக்கக் கூடாதுன்னும் இருக்கு.

வைக்கணும்னா தோரணத்தை விட்டுத் தள்ளி, தனிக் கம்பத்துல, அதை விட உயரமா வைங்க. நீளம் அகலம் 3க்கு 2. 2021 டிசம்பர் திருத்தத்துக்கு அப்புறம் பாலியஸ்டர் துணியும் மெஷின்ல நெய்ததும் செல்லும். 2022 ஜூலைத் திருத்தத்துக்கு அப்புறம் பொதுமக்கள் ராத்திரியும் பறக்க விடலாம். ஜனவரி 26க்குக் கொடியேத்தறதுன்னா அதுக்குள்ள தோரணத்தைக் கழட்டிருங்க.

வேற நாட்டுக் கொடிக்கும் மரியாதை உண்டுங்க. சவூதி அரேபியா மாதிரி மத வாசகம் எழுதின கொடிகளைத் தோரணத்துல சேர்க்காதீங்க. கட்டறப்பவும் கழட்டறப்பவும் எந்தக் கொடியும் தரையில படக் கூடாது.

ரேவதி_கவுண்டம்பாளையம்:
சரிங்க, புரிஞ்சுது. தனிக் கம்பமே வச்சுக்கலாம்.

ஓவர்லாக்_டேபிள்:
இப்ப துணிக்கு வரலாமுங்களா. 22 வகை, ஒவ்வொண்ணும் 6. இதுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் கட்டுபடி ஆகாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். மெக்சிகோ, ஃபிஜிக்கெல்லாம் ஆறேழு ஸ்கிரீன் போகும். ஒரே கொடி நூத்துக்கணக்குல வேணும்னாத்தான் ஸ்கிரீன். உங்களுக்குச் சப்ளிமேஷன்.

துணி 100 பாலியஸ்டர், 90லிருந்து 110 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணிக்கு அத்தனை கிராம் எடை). காட்டன்ல சப்ளிமேஷன் மை ஒட்டவே ஒட்டாது, ஒரு தண்ணியில போயிரும். கலப்புத் துணின்னா பாலியஸ்டர் எவ்வளவோ அவ்வளவுதான் நிறம் ஏறும், மிச்சம் வெளிறித் தெரியும். 110க்கு மேல போனா பின்பக்கம் நிறம் எட்டிப் பார்க்காது. தோரணத்தை ரெண்டு பக்கமும் இருந்து பார்ப்பாங்க, அதனால மெலிசுதான் வேணும். பின்பக்கம் கண்ணாடியில பார்க்கற மாதிரி இடவலம் மாறித் தெரியும். கொடிக்கு அதுதான் சரி. பிரேசில் பட்டையில இருக்கற எழுத்து மட்டும் திரும்பித் தெரியும், விட்ருங்க.

எல்லாக் கொடியும் ஒரே உயரம், 8 இன்ச். அகலம் அந்தந்த நாட்டுக் கணக்கு. எல்லாத்தையும் 8க்கு 12னு அடிச்சா சுவிட்சர்லாந்தும் டென்மார்க்கும் ஒண்ணாத் தெரியும், நேபாளம் தொலைஞ்சுரும். கணக்கு இந்தாங்க, இன்ச்சுல:

கிறிஸ்துமஸ் தீவு, நார்ஃபோக், கிரிபாட்டி, நியூசிலாந்து, ஃபிஜி, வட மாசிடோனியா: 16
கிரீன்லாந்து, துருக்கி, லெபனான், மடகாஸ்கர், பார்படாஸ், துனீசியா, கொள்ளையர் கொடி: 12
மெக்சிகோ: 14
ஸ்காட்லாந்து: 13.3
ஃபின்லாந்து: 13.1
பிரேசில், அண்டோரா: 11.4
நார்வே: 11
டென்மார்க்: 10.6
சுவிட்சர்லாந்து: 8
நேபாளம்: 6.6

கூட்டினா 279 இன்ச் சொச்சம். கொடிக்கும் கொடிக்கும் 4 இன்ச் இடைவெளி, 21 இடைவெளிக்கு 84. ஆக 363. 10 மீட்டர்னா 394 இன்ச். ரெண்டு முனையிலயும் 15 இன்ச் வெறும் கயிறு மிஞ்சும். கச்சிதமா உக்காருது.

வெட்டறப்ப மேல 1 இன்ச் டேப்புக்கு, கீழ அரை இன்ச், ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் மடிப்புக்கு விடுங்க. 58 இன்ச் அகலத் துணியில 6 வரிசைக்கும் சேர்த்து 9 மீட்டர். எச்சா 1 மீட்டர் வாங்கிக்கங்க, மாதிரி அடிச்சுப் பார்க்க.

சாயப்பட்டறை:
பிரிண்ட்ல கெட்டுப் போறது எதெதுன்னு நான் சேர்த்துக்கறேன்.

ஹீட் பிரஸ்ல 190லிருந்து 200 டிகிரி, 45 வினாடி சுமாரா வரும். மெஷினுக்கு மெஷின் மாறும், மாதிரித் துண்டு போட்டுத்தான் முடிவு பண்ணணும். சூடோ நேரமோ பத்தலைன்னா முதல்ல காட்டிக் குடுக்கறது கறுப்பு: கொள்ளையர் கொடி காப்பிக்கொட்டை நிறத்துல வரும். அதனால மாதிரித் துண்டுல அந்தக் கறுப்பையும் டென்மார்க் சிவப்பையும் கட்டாயம் சேர்த்து அடிங்க. சூடு கூடிப் போனா வெள்ளைத் துணி மஞ்சக்கரை பாயும், தொட்டா மொடமொடன்னு இருக்கும்.

பேப்பர் துணி மேல நகர்ந்தா ஓரத்துல நிழல் விழும். பட்டைக்கொடியில கண்ணுக்குத் தெரியாது, நார்வே மாதிரி மெலிசு வெள்ளைக் கோடு இருக்கற கொடியில அசிங்கமாத் தெரியும். ஒட்டற பேப்பர் கேளுங்க, இல்லைன்னா நாலு மூலையிலயும் சூடு தாங்கற டேப். பிரஸ்ஸைத் தூக்கறப்ப பேப்பரை இழுக்கக் கூடாது, நேரா மேல எடுக்கணும்.

மார்கழிக் காலையில அடிச்சீங்கன்னா துணியும் பேப்பரும் ஈரம் இழுத்திருக்கும். நீராவி கெளம்பி நிறம் திட்டுத்திட்டாப் பரவும். துணியை மட்டும் 5 வினாடி சும்மா அழுத்தி எடுத்துட்டு அப்புறம் பேப்பரை வைங்க. அந்த முதல் சூட்டுலயே துணி சுருங்க வேண்டியதும் சுருங்கிரும்.

ஃபைல் நிஜ அளவுல 150 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 150 புள்ளி, போதும். இணையத்துல கிடைக்கற சின்னப் படத்தைப் பெருசாக்காதீங்க. கழுகும் கேடயமும் பஞ்சு மாதிரி ஆயிரும். எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காத வெக்டர் ஃபைலா எடுங்க. பேப்பர்ல படம் திருப்பி அச்சாகணும், இல்லைன்னா சிலுவைக்கொடியெல்லாம் வலதுபக்கம் போயிரும்.

கொடிக்கிறுக்கு:
சிலுவை பத்திச் சொன்னது முக்கியம். வட ஐரோப்பியக் கொடிகள்ல நிமிர்ந்த பட்டை நடுவுல இருக்காது, இடப்பக்கம் தள்ளியிருக்கும். ஆர்ட் போடற தம்பிங்க அழகா இருக்கட்டும்னு நடுவுக்கு இழுத்துருவாங்க. ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை பங்குங்கற விகிதம் இதுதான், இடமிருந்து வலம்:

டென்மார்க் 12, 4, 21. மேலிருந்து கீழ 12, 4, 12.
ஃபின்லாந்து 5, 3, 10. மேலிருந்து கீழ 4, 3, 4.
நார்வே 6, 1, 2, 1, 12. மேலிருந்து கீழ 6, 1, 2, 1, 6.

8 இன்ச் உயரத்துக்கு நார்வே அளவு ரொம்ப லேசு. ஒரு பங்கு அரை இன்ச். சிவப்பு 3, வெள்ளை அரை, நீலம் 1, வெள்ளை அரை, சிவப்பு 6.

நொய்யல்கரை:
சிலர் பனியன் வேஸ்ட்ல வெட்டித் தைக்கலாமேன்னு சொல்றாங்க. திருப்பூர் காதர்பேட்டையில கிலோ கணக்குல கிடைக்குமே, சிக்கனமாவும் இருக்குமேன்னு.

ஓவர்லாக்_டேபிள்:
சிங்கிள் ஜெர்சி, அதான் சாதா ஒற்றைப் பின்னல் பனியன் துணி, வேண்டவே வேண்டாமுங்க. வெட்டின ஓரம் சுருண்டுக்கும், நிமிர்ந்த பட்டை நாலு நாள்ல கீழ இழுத்துத் தொங்கும். பனியன் துணிதான்னா இன்டர்லாக் (ரெட்டைப் பின்னல்) பாருங்க, ஓரம் சுருளாது, ஆனா கனம் கூட. தைக்கிறதுக்குச் சரியான துணி பாப்ளின். ஈரோடு கனி மார்க்கெட்ல நிறத்துக்கு நிறம் கிடைக்கும்.

தச்சா நல்லா வர்ற கொடிகள் டென்மார்க், சுவிட்சர்லாந்து, ஃபின்லாந்து, மடகாஸ்கர், ஸ்காட்லாந்து. இந்த அஞ்சையும் குடியிருப்புல மெஷின் வச்சிருக்கறவங்க தைக்கட்டும், மிச்சம் 17ஐயும் பிரிண்டுக்கு விடுங்க. டென்மார்க்குக்குச் சிவப்புத் துண்டு நாலை ஒட்டுப் போடாதீங்க. முழுச் சிவப்புத் துணி மேல 1.15 இன்ச் வெள்ளைப் பட்டையை ஓரம் மடிச்சு வச்சுத் தைங்க. பின்பக்கத்துக்கும் அதே இடத்துல பட்டை. துணியை ஜன்னல்ல பிடிச்சு வெளிச்சத்துல பார்த்துப் பின் குத்தினா ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காரும்.

சாயப்பட்டறை:
பாப்ளின் சிவப்புல ஒரு எச்சரிக்கை. ராத்திரிப் பனியில நனைஞ்சு சாயம் வெள்ளையில இறங்கும். வாங்கறப்பவே ஈர வெள்ளைத் துணியை மேல வச்சு இஸ்திரிப் பெட்டியால அழுத்திப் பாருங்க. வெள்ளையில ரோஸ் ஏறுச்சுன்னா ஒட்டாத சாயம் துணியில மிச்சம் இருக்கு. உப்புத் தண்ணியில ஊறவச்சா நிக்கும்னு சொல்வாங்க, நிக்காதுங்க. சுடுதண்ணியும் சோப்புமா, தண்ணி தெளியற வரைக்கும் அலசறதுதான் வழி. வெட்டறதுக்கு முன்னாடியே அலசிருங்க, சுருங்கறதும் அப்பவே சுருங்கிரும்.

ஓவர்லாக்_டேபிள்:
தையல். நூல் ஸ்பன் பாலியஸ்டர் 40/2, ஊசி 14. இன்ச்சுக்கு 8லிருந்து 10 தையல். நெருக்கிப் போட்டா பலம்னு நினைப்பாங்க. மெலிசுத் துணியில ஊசி ஓட்டையே வரிசையா அறுத்துக் குடுத்துரும், ஸ்டாம்ப் கிழியற மாதிரி கிழியும். பக்க ஓரம் ரெண்டும் ரெட்டை மடிப்பு. காத்துக்கு முதல்ல கிழியறது கீழ் மூலைங்க, அங்க மட்டும் முன்னபின்ன மூணு தடவை ஓட்டி நிறுத்துங்க. ஓரத்தை உருக்கி வெட்டற ஹாட் கட்டர்ல வெட்டினா மடிப்பு வேண்டாம்னு சொல்றவங்க இருக்காங்க. நிழல்ல மூணு வாரத்துக்குச் சரி. அடுத்த வருசமும் வேணும்னா மடிச்சுத் தைங்க.

மேல 1 இன்ச் காடா டேப்பை ரெண்டா மடிச்சு, கொடியோட மேல் ஓரத்தை உள்ள விட்டு, ஒரே ஓட்டமா 10 மீட்டரும் ஓட்டுங்க. இடைவெளிக்குச் சாக்பீஸ்ல முதல்லயே குறி போட்டுக்கங்க. டேப்புக்குள்ளயே 4 மில்லி நைலான் கயித்தை வச்சுத் தச்சுராதீங்க; கயிறு இழுபட்டா டேப் சுருங்கிக் கொடியெல்லாம் ஒரு பக்கம் குமியும். டேப்பைத் தனியாத் தச்சு, ரெண்டு அடிக்கு ஒரு இடம் கயித்தோட நூல்ல கட்டுங்க.

வாளையார்_காத்து:
கயிறு கட்டறதுல எல்லாரும் பண்றது விறைப்பா இழுத்துக் கட்டறது. அதுதான் கொக்கியைப் பிடுங்குது. கணக்கு சொல்றேன்: இழுவைங்கறது மொத்த எடை பெருக்கல் நீளம், அதை எட்டு மடங்கு தொய்வால வகுக்கணும். பனியில நனைஞ்ச ஒரு வரிசை அரைக் கிலோன்னு வைங்க, நீளம் 10 மீட்டர். நடுவுல அரை மீட்டர் தொய்வு விட்டா முனையில இழுவை 1.25 கிலோ. அதையே விறைச்சு 10 சென்டிமீட்டர் தொய்வுக்குக் கொண்டு வந்தா 6.25 கிலோ. காத்து அடிச்சா இதெல்லாம் பல மடங்காகும். அதனால 10 மீட்டருக்கு 40லிருந்து 50 சென்டிமீட்டர் தொய்வு விடுங்க. பார்க்கவும் அதுதான் அழகு.

காத்துப் பக்கம் எதுன்னு பாருங்க. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து வரும். மார்கழியில அதுக்கு நேர்மாறா, வாடைக்காலத்துக் காத்து கெழக்க இருந்து மேக்க போகும். வரிசைகளைக் கெழக்கு மேக்கா, காத்து போற திசையிலயே கட்டினா கொடி ஓரம் காட்டி நிக்கும், அதிகம் அடிபடாது. ஆனா கெழக்க இருந்து பார்க்கறவங்களுக்கு ஓரம்தான் தெரியும். வடக்கு தெக்கா கட்டினா முழுக்கொடியும் தெரியும், ஆனா கயித்து மேல ஏறிச் சுத்திக்கும். உங்க பிளாக் எப்படி நிக்குதுங்க?

நொய்யல்கரை:
ஒரு பிளாக் வடக்க, ஒண்ணு தெக்க. அப்ப வடக்கு தெக்காத்தான் கட்ட முடியும்.

வாளையார்_காத்து:
அப்பன்னா ஒவ்வொரு கொடியோட கீழ் மடிப்புக்குள்ளயும் கனமான பருத்திக் கயிறு ஒரு துண்டு விட்டுத் தச்சுருங்க. மேல ஏறிச் சுத்தறது பெருமளவு குறையும். ஒரு முனையை மட்டும் முடிச்சுப் போட்டு, இன்னொரு முனையைக் கொக்கியில மாட்டி அவுக்கற மாதிரி வைங்க. சுத்திக்கிச்சுன்னா ஏணி போட்டு நடுவுல ஏற வேண்டாம், ஒரு பக்கம் அவுத்து ஒரு ஆட்டு ஆட்டினாப் போதும்.

ஈபி லைன் பக்கம் எந்த வரிசையும் வரக் கூடாது. நனைஞ்ச கயித்துல மின்சாரம் பாயும். சர்வீஸ் வயர் நடுவுல போகுதுன்னா அந்த இடத்தை விட்டுட்டு 5 வரிசையாக் கட்டுங்க. சீரியல் பல்பையும் இதே கயித்துல சுத்தாதீங்க, தனிக் கயிறு.

கடைசிபெஞ்ச்:
கேள்வித்தாளுக்கு ஒரு யோசனை. கொடியில எண் ஒட்டாதீங்க, கெட்டுப்போகும். இடைவெளி டேப்புல கறுப்புத் துணி மார்க்கர்ல எழுதுங்க, 1லிருந்து 22 வரை. 6 வரிசையிலயும் அடுக்கை மாத்தி வைக்கலாம். முதல் வரிசை கிறிஸ்துமஸ்ல ஆரம்பிச்சு பொங்கல்ல முடியட்டும், ரெண்டாவது படங்கள்ல ஆரம்பிக்கட்டும். ஒரே இடத்துல நின்னு எல்லாத்துக்கும் பதில் எழுதிட முடியாது, பிள்ளைங்க நடந்து தேடணும்.

நொய்யல்கரை:
மொத்தமா எடுத்துக்கிட்டேன்: 17 பிரிண்ட், 5 தையல், 8 இன்ச் உயரம், 45 சென்டிமீட்டர் தொய்வு, கீழ் மடிப்புல கயிறு. மாதிரித் துண்டுக்குக் கொள்ளையர் கொடி, டென்மார்க் சிவப்பு, அப்புறம் மெக்சிகோக் கழுகு குடுக்கறேன். கழட்டினதுக்கு அப்புறம் எப்படி வைக்கிறது?

ஓவர்லாக்_டேபிள்:
காலையில பனி ஈரத்தோட கழட்டாதீங்க. மத்தியானம் வெயில் ஏறி நல்லாக் காஞ்சதுக்கு அப்புறம் கழட்டுங்க, ஈரமா சுருட்டினா டேப்புல கரும்புள்ளி விழும். துணிக் கடையில தூக்கிப் போடற அட்டை உருளையில ஒரு முனையிலிருந்து சுத்துங்க. மடிச்சு வச்சா அடுத்த வருசம் மடிப்புக் கோடு அப்படியே நிக்கும். தச்ச அஞ்சுக்கும் இடையில பழைய வெள்ளைத் துணி ஒரு மடிப்பு விடுங்க. உருளை மேல வரிசை எண்ணும் எந்த முனை வடக்கன்னும் எழுதி வச்சிருங்க.

கொடிக்கிறுக்கு:
சுத்தறதுக்கு முன்னாடி ஆர்ட் ஃபைலையும் எடுத்து வைங்க, கிழிஞ்சதை மட்டும் திரும்ப அடிச்சுக்கலாம். கிரீன்லாந்து ஃபைலுக்குப் பேர் வைக்கறப்பவே "மேல வெள்ளை"ன்னு சேர்த்துக்கங்க.